‘ஒற்றைமரத் தோணி’: ஜேர்மன் கரையோர நீர்மூழ்கிகளின் அமைப்பும் போர்ப்பணியும்

1. தோற்றுவாய்

போர்கள் தமிழுக்குத் தந்த சொற்களை ஆராய்வோர் ‘எம்டன்’ என்ற சொல்லைத் தவறவிடுவதில்லை. 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜேர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகள் மீது பீரங்கிக் குண்டுகளைப் பொழிந்து அகன்றது. அக்கப்பலின் பெயர், பிடிகொடாத சூழ்ச்சிக்காரனையும் அஞ்சத்தக்க வல்லாளனையும் சுட்டும் பொதுப்பெயராகத் தமிழ்ப் பேச்சுவழக்கில் நிலைபெற்றது. கண்ணாற் கண்ட கப்பல் சொல்லாயிற்று. கண்ணுக்குப் புலப்படாத நீர்மூழ்கி அத்தகைய சொல் எதனையும் நம்மிடையே விட்டுச் செல்லவில்லை.

ஆயினும் நீர்மூழ்கிக்கு அதனை இயக்கியோர் வழங்கிய பெயரொன்று நம் கவனத்துக்குரியது. ஜேர்மன் கடற்படையினர் தமது மிகச்சிறிய நீர்மூழ்கி வகையினை ‘ஐன்பௌம்’ எனச் செல்லமாக அழைத்தனர். ‘ஒரு மரம்’ என்பது அதன் நேர்ப்பொருள்; ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த தோணியை அது குறிக்கும். நம் வடபகுதிக் கடற்றொழிலாளர் வள்ளம் என வழங்குவதும் மூலத்தில் அத்தகைய கலமே. வாழ்வாதாரத்துக்குரிய கலமொன்றின் எளிய பெயர், மூன்று டோர்ப்பீடோக் குழாய்களைத் தாங்கிய போர்க்கருவியொன்றுக்கு இடப்பட்டது. பெயருக்கும் பொருளுக்குமிடையேயுள்ள இவ்விடைவெளியே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருளாகும். ‘சிறியது’, ‘கரையோரத்துக்குரியது’, ‘தற்காப்புக்கானது’ என்ற மூன்று அடைமொழிகளின் பின்னே எத்தகைய பொருளியல், அரசியல் உறவுகள் தொழிற்பட்டன என்பதை, அக்கலத்தின் அமைப்பினையும் போர்ப்பணியினையும் விளக்குவதன் வாயிலாக நாம் காட்ட முயல்வோம்.

2. ஆழங்குறைந்த கடலும் சிறிய கலமும்

நயினாதீவு, புங்குடுதீவு, நெடுந்தீவு ஆகியவற்றைச் சூழ்ந்த கடலில் தொழில் செய்வோருக்கு, கலத்தின் அளவினைக் கடலின் ஆழமே தீர்மானிக்கின்றது என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்குமிடையே ஓடும் பயணிகள் படகுகள் ஆழங்குறைந்த நீருக்கேற்ப அமைந்தனவே. இவ்விதி நீர்மூழ்கிக்கு இருமடங்கு பொருந்தும். ஏனைய கலங்களுக்கு மிதக்கப் போதிய நீர் இருந்தாற் போதுமானது. நீர்மூழ்கிக்கோ தன் உயரம் முழுவதையும் மறைக்கும் நீரும், தாக்கப்படும்போது மேலும் கீழிறங்கித் தப்புவதற்குரிய நீரும் வேண்டும்.

ஜேர்மனியின் வாயிலிலுள்ள கடல்கள் ஆழமானவை அல்ல. பால்டிக் கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 55 மீற்றர். வடகடலின் தென்பகுதி பெரும்பாலும் 50 மீற்றருக்கு உட்பட்டது. பெருங்கடல்களுக்கென அமைந்த நீர்மூழ்கி இத்தகைய நீரில் திரும்பவும் மறையவும் இடர்ப்படும். இதனாலேயே முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில், பெல்ஜியக் கரையோரம் ஜேர்மனியின் கைக்கு வந்ததும், ‘யூபி’ என்ற சிறு வகை உருவாக்கப்பட்டது. அதன் முதற்கலங்கள் ஏறத்தாழ 28 மீற்றர் நீளமும் 127 தொன் எடையும் கொண்டவை; அவற்றில் 14 பேர் பணியாற்றினர். உடலைத் துண்டங்களாகப் பிரித்து, புகையிரதத்தில் ஏற்றிச் சென்று, அன்ற்வேர்ப் நகரில் மீளப் பொருத்தினர். இருபது ஆண்டுகளின் பின் பிறந்த ‘இரண்டாம் வகை’ நீர்மூழ்கி இம்மரபின் வழித்தோன்றலேயாகும்.

ஒப்புநோக்குக்காக நமது கடலை எண்ணிப் பார்க்கலாம். இரண்டாம் வகைக் கலத்தின் அடிமுதல் கோபுரம் வரையிலான உயரம் ஏறத்தாழ எட்டரை மீற்றர். பாக்குக் கடலின் பெரும்பகுதியில் ஆழம் பதினைந்து மீற்றரை எட்டாது. ஜேர்மனியின் மிகச்சிறிய நீர்மூழ்கி வகைகளுள் ஒன்றாகிய இதற்குக்கூட இங்கே ஒளிந்துகொள்ளும் வாய்ப்பு அரிதாகவே இருந்திருக்கும். கரையோர நீர்மூழ்கி என்பது கரையோரம் முழுவதற்கும் உரியதன்று; குறிப்பிட்ட ஒரு கடலின் ஆழத்துக்கும் குறிப்பிட்ட ஓர் அரசின் தேவைக்கும் வெட்டப்பட்ட கருவி அது.

3. சட்டத்தின் புறத்தே பிறந்த கலம்

கடலின் ஆழம் கலத்தின் அளவினை விளக்கும். அதன் பிறப்பினை விளக்காது. 1919ஆம் ஆண்டின் வேர்சாய் உடன்படிக்கை, தனது 191ஆம் உறுப்புரையினால், ஜேர்மனி நீர்மூழ்கிகளைக் கட்டுவதையும் வாங்குவதையும் முற்றாகத் தடைசெய்தது. எனினும் 1922ஆம் ஆண்டிலேயே ஒல்லாந்தின் ஹேக் நகரில் கப்பல் வடிவமைப்பு நிறுவனமொன்று தோன்றிற்று. பதிவின்படி அது ஓர் ஒல்லாந்த நிறுவனம். மூலதனமோ குருப் குடும்பத்துக்குரிய ஜேர்மானியா கப்பற்றளம், வுல்கன், வேஸர் ஆகிய மூன்று ஜேர்மன் நிறுவனங்களுடையது. முன்னர் ஜேர்மானியாவில் நீர்மூழ்கிகளை வரைந்த ஹான்ஸ் டெக்கெல் அதன் தொழினுட்பத் தலைவரானார்.

ஈண்டு காலவரிசை மனங்கொள்ளத்தக்கது. 1922இல் ஜேர்மனியை ஆண்டோர் நாசிகள் அல்லர், வைமார்க் குடியரசினரே. கடற்படை அதிகாரி லோமன் கையாண்ட இரகசிய நிதிகள் 1927இல் பேர்லின் நாளிதழொன்றினால் அம்பலமாகின. 1928 சனவரியில் பாதுகாப்பு அமைச்சர் கெஸ்லர் பதவி துறந்தார். அமைச்சர் சென்றார்; ஹேக் நிறுவனத்தின் பணி தொடர்ந்தது. பாசிசத்தினைத் தனியொரு மனிதனின் வெறியாக விளக்கும் தாராண்மைவாத வரலாற்றெழுத்து இவ்விடத்திலே தடுமாறுகின்றது. ஹிட்லர் ஆட்சிக்கு வருமுன்பே படைக்கலங்களின் வரைபடங்கள் ஆயத்தமாயிருந்தன. அவற்றுக்குரிய முதலீடும் இடப்பட்டிருந்தது.

அந்நிறுவனம் தனது வரைபடங்களை அயல்நாடுகளிற் கட்டுவித்துப் பரீட்சித்தது. துருக்கிக்கென இரு கலங்கள் றொற்றர்டாமில் எழுந்தன. ஸ்பெயினின் காடிஸ் துறையில் மற்றொன்று எழுந்தது. பின்லாந்தின் துர்க்கு நகரில் 1933 மே மாதம் நீரிலிறக்கப்பட்ட சிறு கலமே இரண்டாம் வகையின் நேரடி முன்மாதிரி. ஜேர்மன் அதிகாரிகள் பால்டிக் கடலில் அதனை இயக்கிப் பழகினர். 1936இல் பின்லாந்து அதனை வாங்கி ‘வெசிக்கோ’ எனப் பெயரிட்டது. ஹெல்சிங்கியின் சுவோமென்லின்னாத் தீவில் அது இன்றும் அருங்காட்சிக் கலமாக நிற்கின்றது.

முற்போக்கு வாசகர் மறைத்துச் செல்லக்கூடாத செய்தியொன்றும் உண்டு. காடிஸில் கட்டப்பட்ட கலத்தின் வடிவமைப்பினைத் தழுவியே சோவியத் கடற்படையின் ‘எஸ்’ வகை நீர்மூழ்கிகளும் உருவாயின. அவற்றுள் ஒன்றான எஸ்-13, 1945 சனவரி 30ஆம் நாள் ‘வில்ஹெல்ம் குஸ்ட்லொவ்’ என்னும் ஜேர்மன் கப்பலை மூழ்கடித்தபோது, அதில் நெருங்கியிருந்த அகதிகளுட் பல்லாயிரவர் மாண்டனர். போர்க்கருவியின் வரைபடம் விற்பனைப் பண்டமாகும்போது, வாங்குவோரின் கொள்கை அப்பண்டத்தின் தன்மையை மாற்றிவிடுவதில்லை.

1934இலிருந்தே கீல் நகரின் களஞ்சியங்களிற் கலப்பகுதிகள் சேர்த்துவைக்கப்பட்டன. 1935 பெப்ரவரி 11இல் யூ-1இன் அடிமரம் இடப்பட்டது. மார்ச் 16இல் ஹிட்லர் வேர்சாயின் படைக்கட்டுப்பாடுகளை வெளிப்படையாகத் துறந்தார். யூன் 15இல் யூ-1 நீரிலிறங்கியது. யூன் 18இல் ஆங்கில-ஜேர்மன் கடற்படை ஒப்பந்தம் கைச்சாத்தானது. பிரித்தானியாவின் நீர்மூழ்கி எடையில் 45 சதவீதம் வரை ஜேர்மனி வைத்திருக்கலாம் என அது இசைந்தது. யூன் 29இல் யூ-1 சேவையிற் சேர்ந்தது. ஒப்பந்தத்துக்கு மூன்று நாள் முன்னரே கலம் நீரில் மிதந்தது. முன்பே பிறந்துவிட்ட குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதிக்கொடுத்த பணியினையே ஏகாதிபத்திய இராசதந்திரம் செய்தது எனலாம்.

4. கலத்தின் அமைப்பு

நீர்மூழ்கியின் இயக்கம் அடிப்படையில் எளியது. அழுத்தத்தைத் தாங்கும் உருக்கு உருளையொன்றே அதன் உடல். தாங்கிகளுட் கடல்நீரைப் புகவிட்டால் கலம் அமிழும். அமுக்கிய காற்றினால் அந்நீரை வெளியேற்றினால் மிதக்கும். நீர்மட்டத்தில் டீசல் இயந்திரம் கலத்தை ஓட்டுவதுடன் மின்கலங்களையும் மின்னேற்றும். டீசலுக்குக் காற்று வேண்டுமாதலால் நீரடியில் மின்மோட்டாரே ஓடும். மின்கலம் வற்றினால் மேலே வந்தாக வேண்டும். ஆகவே அக்காலத்து நீர்மூழ்கி, மீன்போல் நீரடியில் வாழும் கலமன்று. பெரும்பாலும் மேலே ஓடி, வேண்டியபோது மாத்திரம் மூழ்குவது அது.

இரண்டாம் வகையின் முதற்பிரிவு 40.9 மீற்றர் நீளமும், நீர்மட்டத்தில் 254 தொன், மூழ்கிய நிலையில் 303 தொன் இடப்பெயர்ச்சியும் கொண்டது. மேலே மணிக்கு 13 கடல்மைல், கீழே ஏறத்தாழ 7 கடல்மைல் அதன் உச்ச வேகம். நீரடியில் மணிக்கு 4 கடல்மைலாக மெல்லச் சென்றால் ஏறத்தாழ 35 கடல்மைல் செல்லலாம். முன்புறத்தில் மூன்று குழாய்கள், மொத்தம் ஐந்து டோர்ப்பீடோக்கள். அவற்றுக்கு ஈடாகக் கடற்கண்ணிகளை ஏற்றலாம். பெரிய பீரங்கி கிடையாது. ஏறத்தாழ அரை நிமிடத்தில் மூழ்கிவிடும் விரைவே அதன் முதன்மையான காப்பு. இந்நெருக்கமான உருளைக்குள் ஏறத்தாழ 25 பேர், இயந்திர இரைச்சலுக்கும் எண்ணெய் மணத்துக்கும் ஈரத்துக்குமிடையே உண்டு உறங்கிப் பணியாற்றினர். உள்ளிருந்தோர் இட்ட ‘ஒற்றைமரத் தோணி’ என்ற பெயரில் ஏளனமும் உழைப்பாளியின் கசப்பும் கலந்திருந்தன எனக் கொள்வது மிகையாகாது.

இவ்வகையின் நான்கு பிரிவுகளில் 1935 முதல் 1941 வரை மொத்தம் 50 கலங்கள் சேவைக்கு வந்தன: முதற்பிரிவில் 6, இரண்டாவதில் 20, மூன்றாவதில் 8, நான்காவதில் 16. பிரிவுக்குப் பிரிவு நீளம் ஓரிரு மீற்றரே கூடி, இறுதியில் ஏறத்தாழ 44 மீற்றரில் நின்றது. மணிக்கு 8 கடல்மைல் வேகத்தில் அவை செல்லக்கூடிய தூரமோ 1600, 3100, 3800, 5650 கடல்மைல் எனப் பெருகியது. உருவம் அதிகம் மாறவில்லை. எரிபொருள் கொள்ளளவு மாறிற்று. ‘கரையோரக் கலம்’ என்ற பெயரும் மாறவில்லை; அது எட்டக்கூடிய கரை மாத்திரம் மும்மடங்குக்கு மேல் அகன்றது. 1940இல் நான்காம் பிரிவுக் கலங்கள் பிரான்சின் லோறியன்ற் துறையிலிருந்து அத்திலாந்திக்கில் வேட்டையாடின. ‘தற்காப்பு’ என்ற சொல் எவ்வளவு நெகிழ்ச்சியுடையது என்பதை இவ்வெண்களே உணர்த்துகின்றன.

5. கண்ணிகளும் பள்ளிக்கூடமும்

1939 செப்டெம்பரிற் போர் மூண்டபோது ஜேர்மனியிடம் இருந்த 57 நீர்மூழ்கிகளுள் 30 இவ்வகையின. பிரித்தானியாவின் கிழக்குக் கரையில் வணிகக் கப்பல்களைத் தாக்குவதும் காந்தக் கண்ணிகளை விதைப்பதும் அவற்றின் முதற்பணி. தன்மேற் செல்லும் கப்பலின் இரும்புடலை உணர்ந்து வெடிக்கும் அக்கண்ணி, ஆழங்குறைந்த நீருக்கே உரிய கருவி. யூ-21 விதைத்த கண்ணியொன்று 1939 நவம்பர் 21இல் ‘பெல்பாஸ்ற்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலின் முதுகெலும்பை முறித்தது. அது மீளச் சேவைக்குத் திரும்ப ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சென்றன. 1940 பெப்ரவரி 18இல் யூ-23 ‘டேறிங்’ என்ற அழிகலனை மூழ்கடித்தது. 1940 மே 9இல் யூ-9 பிரெஞ்சு நீர்மூழ்கி ‘டோறிஸ்’ஸை அழித்தது.

எனினும் இக்கலங்களின் பெரும்பணி போர்க்களத்திலன்று, பால்டிக் கடலின் பயிற்சித் துறைகளிலேயே நிகழ்ந்தது. 1940இன் பிற்பகுதியிலிருந்து அவற்றிற் பெரும்பாலானவை பள்ளிக் கலங்களாயின. மூழ்குதல், எழுதல், குறிபார்த்தல், நெருக்கத்திற் பணிந்திருத்தல் ஆகியவற்றைப் பல்லாயிரம் இளைஞர் இவற்றிலே கற்றனர். கற்கும்போதே மாண்டோரும் உளர். 1943 மார்ச் 19இல் யூ-5 பயிற்சியின்போதே மூழ்கியது. சிறு கலமொன்று மூழ்கடித்த கப்பல்களை மாத்திரம் எண்ணுவோர் அதன் உண்மை விளைவினைக் கணித்தவராகார். பெருங்கடற் போரினை நடத்திய மனித ஆற்றலை உற்பத்தி செய்த தொழிற்சாலையாக அது விளங்கியது. அவ்வாற்றல் செலவிடப்பட்ட விதமும் தெரிந்ததே: ஜேர்மன் நீர்மூழ்கிகளிற் பணியாற்றிய ஏறத்தாழ 40000 பேரில் 30000 பேர் வரையில் திரும்பவில்லை.

6. நெடுஞ்சாலையில் நீர்மூழ்கி

இக்கலங்களின் வரலாற்றில் வியப்புக்குரிய அத்தியாயம் கருங்கடலைச் சார்ந்தது. 1941இல் சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்த ஜேர்மனிக்குக் கருங்கடலில் நீர்மூழ்கிகள் தேவைப்பட்டன. 1936ஆம் ஆண்டின் மொன்றோ உடன்படிக்கைப்படி துருக்கி தன் நீரிணைகளைப் போரிடும் நாடுகளின் போர்க்கலங்களுக்கு அடைத்திருந்தது. கடல்வழி மூடப்படவே தரைவழி திறக்கப்பட்டது. யூ-9, 18, 19, 20, 23, 24 ஆகிய ஆறு கலங்கள் 1942இற் கீல் துறையில் இயந்திரங்களும் கோபுரங்களும் கழற்றப்பட்டு, மிதவைகளில் எல்பே ஆற்றின் வழியே டிறெஸ்டன் வரை இழுக்கப்பட்டன. அங்கே பல சில்லுகளைக் கொண்ட கனரக ஊர்திகளில் ஏற்றப்பட்டு நெடுஞ்சாலையால் இங்கொல்ஸ்ராட் சென்றடைந்தன. பின்னர் டான்யூப் நதி அவற்றைச் சுமந்தது. மீளப் பொருத்தப்பட்ட கலங்களுள் முதலாவன 1942 ஒக்டோபரளவில் உறுமேனியாவின் கொன்ஸ்ரான்சாத் துறையிலிருந்து இயங்கத் தொடங்கின. சிறுமையே இப்பயணத்தைச் சாத்தியமாக்கியது. பெரிய நீர்மூழ்கி எதனையும் இவ்வாறு சாலையிற் கொண்டுசெல்ல இயலாது.

கொக்கேசியக் கரையில் இவை பெரும்பாலும் எண்ணெய்க் கப்பல்களையும் சரக்குக் கலங்களையும் தாக்கின. 1944 சனவரி 16இல் யூ-20 மூழ்கடித்த சோவியத் எண்ணெய்க் கப்பல், பிரெஞ்சுப் பொதுவுடைமை எழுத்தாளரும் இதழாசிரியருமான போல் வையான்-கூத்தூரியேயின் பெயரைத் தாங்கியது. 1937இல் மறைந்த அவ்வெழுத்தாளரின் பெயர், ஏழு ஆண்டுகளின் பின் பாசிசத்தின் டோர்ப்பீடோவினால் இரண்டாம் முறை மறைந்தது. 1944 ஓகஸ்ற் 23இல் உறுமேனியா அணிமாறியது, தளம் கைநழுவியது. யூ-9 அதற்குச் சில நாள் முன்னரே சோவியத் விமானங்களால் அழிக்கப்பட்டிருந்தது. யூ-18, யூ-24 ஆகியவற்றை அவற்றின் மாலுமிகளே கொன்ஸ்ரான்சாவுக்கு வெளியே மூழ்கடித்தனர். எஞ்சிய மூன்றும் செப்டெம்பரில் துருக்கிக் கரையருகே அவ்வாறே மூழ்கடிக்கப்பட்டன. தரைவழி வந்த கலங்களுக்குத் திரும்பும் வழி இருக்கவில்லை.

7. இறுதிக் கட்டம்

தோல்வி நெருங்க நெருங்கக் கலங்கள் மேலும் சிறுத்தன. ‘இருபத்துமூன்றாம் வகை’ என்ற புதிய கரையோரக் கலம் 34.7 மீற்றர் நீளமுடையது. 14 பேரையும் இரண்டே டோர்ப்பீடோக்களையும் தாங்கியது. முன்னே ஆக்கிய துண்டங்களைப் பொருத்தி 61 கலங்கள் சேவைக்குக் கொணரப்பட்டன, ஆறே களஞ்சென்றன. 1945 மே 7இல், சரணாகதி நடைமுறைக்கு வருமுன், அவற்றுள் ஒன்றான யூ-2336 ஸ்கொத்லாந்துக் கரையில் இரு வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. ‘கடல்நாய்’ எனப்பட்ட மற்றொரு வகை 12 மீற்றர் நீளமே உடையது. இருவர் மாத்திரம் செல்வது. ஏறத்தாழ 285 கட்டப்பட்டன. 1945இன் தொடக்கத்தில் ஒல்லாந்துக் கரையிலிருந்து ஏவப்பட்ட அவற்றுட் பல, எதிரியினாலன்றிப் புயலினாலேயே அழிந்தன.

அவ்வேளை ஹம்பேர்க்கின் கப்பற்றளங்களில் நொயன்காம வதைமுகாமின் கைதிகள் வேலை வாங்கப்பட்டனர். அடிமையுழைப்பைப் பயன்படுத்திய குற்றத்துக்காக அல்பிறீட் குருப் 1948இல் நூரெம்பேர்க்கில் தண்டிக்கப்பட்டார். 1951இலேயே விடுவிக்கப்பட்டு, பின்னர் தம் சொத்துக்களையும் மீளப்பெற்றார். கலங்கள் கடலடியிற் கிடக்க, மூலதனம் கரையேறிற்று.

8. நமது கடலிலிருந்து ஒரு நோக்கு

இச்சிறு கலங்களில் ஒன்றேனும் இந்து சமுத்திரத்துக்கு வரவில்லை. அவற்றிற் பழகியவர்கள் வந்தனர். யூ-9, யூ-138 ஆகியவற்றை இயக்கிய வொல்ப்காங் லூத், பின்னர் யூ-181 என்ற பெரிய கலத்துடன் ஆபிரிக்காவின் தென்கிழக்குக் கடலில் வேட்டையாடினார். யூ-61இன் தளபதியாயிருந்த யூர்கன் ஓஸ்ரன், 1944இல் யூ-861உடன் யப்பானியர் வசமிருந்த பினாங்குத் துறையை அடைந்தார். பினாங்கிலிருந்து புறப்பட்ட யூ-183, 1944 மார்ச் மாதத்தில் மாலைதீவின் அட்டுப் பவளத்தீவில் நங்கூரமிட்டிருந்த பிரித்தானிய எண்ணெய்க் கப்பலைத் தாக்கியது. பலாலியில் அப்போருக்கென எழுந்த விமானத்தளத்திலிருந்து நீர்மூழ்கிகளைத் தேடும் விமானங்கள் பறந்தன. 1942இல் யப்பான் பர்மாவைக் கைப்பற்றியபின் பர்மா அரிசி நின்று, பங்கீட்டு அரிசிக்குக் காத்திருந்த குடும்பங்கள் இப்போரினை வயிற்றால் அறிந்தன. அவர்களைக் கேட்டு எவரும் போரைத் தொடங்கவில்லை.

ஆழங்குறைந்த கடலில் நிகழும் போர் யாரைத் தாக்குகின்றது என்பதைத் தீவகத்து மக்கள் பின்னாளில் வேறொரு போரிலும் அறிந்தனர். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த குமுதினிப் படகிற் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியோர் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினர். இரு போர்களின் காரணங்களும் தன்மைகளும் வேறு. அவற்றைச் சமன்செய்வது நம் நோக்கமன்று. ஆனாற் கரையோரக் கடல் ‘பாதுகாப்பு வலயம்’ எனப் பெயர் மாறும்போது, அக்கடலில் உழைப்போரும் பயணிப்போரும் கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றனர் என்ற உண்மை இரண்டுக்கும் பொதுவானது.

தொகுத்து நோக்குமிடத்து, சிறிய கலம் என்பது சிறிய நோக்கத்தின் அடையாளமன்று. இரண்டாம் வகை நீர்மூழ்கியின் சிறுமை, உடன்படிக்கையின் கண்ணிலிருந்து தப்பவும், பிறநாட்டுத் துறைகளிற் பரீட்சிக்கவும், விரைவில் ஆள்களைப் பழக்கவும், தேவைப்படின் சாலையில் ஏற்றிச் செல்லவும் உதவியது. அச்சிறுமையே அதன் ஆற்றல். இன்று இந்து சமுத்திரத்தின் துறைமுகங்களைச் சுற்றிப் பல வல்லரசுகள் ‘கரையோரப் பாதுகாப்பு’, ‘ஒத்துழைப்பு’, ‘பயிற்சி’ என்ற சொற்களுடன் நெருங்கி வருகின்றன. மொழியாராய்ச்சியில் ஈடுபடுவோர்க்கு இச்சொற்களைப் பிரித்துணர்த்தும் கடப்பாடு உண்டு. கலமொன்றுக்குத் தோணியென்று பெயரிடப்படுமிடத்து, அதனை யார் கட்டினர், யாருடைய பணத்தாற் கட்டினர், அது எவ்வளவு தூரம் செல்லவல்லது என்ற மூன்று வினாக்களையும் எழுப்பிய பின்னரே அப்பெயரை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.